எக்செல் பைலின்ர திகதி தன்பாட்டில மாறுதா? அறிகுறியைப் பாத்துக் காரணத்தைப் பிடிக்கிற வழி

கணக்காய்வு நெருங்குது எண்டால் எனக்கு வாற போன் எல்லாம் ஒரே கேள்விதான். "அண்ணை, பங்குனிக் கணக்கை அப்பவே முடிச்சு வைச்சனாங்கள், இப்ப பாத்தா பைல் நேற்றுத் திகதி காட்டுது, ஆரோ கை வைச்சிருக்கினம்." கிளிநொச்சிப் பக்கம் பால் சங்கம், மல்லாவியில கமக்காரர் அமைப்பு, புதுக்குடியிருப்பில நெல்லு ஆலை, பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம் எண்டு இடம்தான் மாறும். கேள்விக்குப் பின்னால பெரும்பாலும் ஒரு ஆளில சந்தேகம் நிக்கும், அதுவும் கூடுதலா அந்தக் கணக்கு எழுதுற பிள்ளையிலதான். அதுக்காகத்தான் இதை எழுதுறன். திகதி மாறினதை மட்டும் வைச்சு ஆரையும் பிடிக்கேலாது, திகதி மாற ஒரு டசின் காரணம் இருக்கு, அதில முக்காவாசியில கணக்கில ஒரு சதம்கூட அசைஞ்சிருக்காது.

உங்கட அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்கோ. ஆனா முதல்ல கீழ இருக்கிற சோதனையைச் செய்திட்டுப் போங்கோ, ஏன் எண்டால் மிச்சம் எல்லாம் இதிலதான் நிக்குது.

## எந்த அறிகுறி எண்டாலும் முதல்ல செய்யவேண்டியது

பைலைத் திறக்காதேங்கோ. பதறிப்போய்த் திறந்து திறந்து பாக்கிறதாலயே கன இடத்தில இருந்த தடயமும் போகுது. முதல்ல அதை அப்பிடியே வேற போல்டருக்குக் கொப்பி பண்ணி வையுங்கோ. கொப்பி பண்ணினால் மாற்றின திகதி அப்பிடியே வரும், உருவாக்கின திகதி மட்டும் கொப்பி பண்ணின நேரமா மாறும், அது பிரச்சினை இல்லை.

பிறகு பைலில வலது கிளிக் பண்ணி புரொப்பர்ட்டீஸ் எடுங்கோ. ஜெனரல் எண்ட பக்கத்தில கிரியேட்டட், மொடிஃபைட், அக்செஸ்ட் எண்டு மூண்டு திகதி நிக்கும். இது விண்டோஸ் வைச்சிருக்கிற வெளித்திகதி. அடுத்து டீட்டெய்ல்ஸ் பக்கத்துக்குப் போனால் டேட் லாஸ்ட் சேவ்ட், லாஸ்ட் சேவ்ட் பை, லாஸ்ட் பிரின்டட் எண்டு இன்னும் கொஞ்சம் இருக்கும். இது எக்செல் பைலுக்குள்ளயே எழுதி வைச்ச உள்திகதி. இந்த ரெண்டையும் ஒரு பேப்பரில எழுதுங்கோ, போனில படமும் எடுங்கோ.

வெளித்திகதி புதுசு, உள்திகதி பழசு எண்டால் பைலை ஒருத்தரும் எக்செல்லில சேவ் பண்ணேல்லை, கொப்பி, டவுன்லோட், வாட்சப் இப்பிடி ஏதோ ஒரு பயணம் நடந்திருக்கு, அறிகுறி 2க்குப் போங்கோ (பழைய எக்ஸ்எல்எஸ் பைல் எண்டால் அறிகுறி 1இல அதைப் பற்றி இருக்கிறதையும் பாருங்கோ). ரெண்டும் புதுசு எண்டால் சேவ் நடந்திருக்கு, அறிகுறி 1. ரெண்டும் சரியில்லாத ஒரு நேரத்தில நிக்குது எண்டால் கொம்பியூட்டரின்ர மணிக்கூடு பிழை, அறிகுறி 3, 4.

லாஸ்ட் சேவ்ட் பை எண்ட இடத்தில நிக்கிற பெயரைப் பாத்திட்டு உடன ஆளைப் பிடிக்க வெளிக்கிடாதேங்கோ. அது எக்செல் ஒப்ஷன்ஸுக்குள்ள யூசர் நேம் எண்டு போட்டிருக்கிற பெயர், ஆரும் என்னவும் அடிச்சு வைக்கலாம். கடையில விண்டோஸ் போட்டுத் தந்த கொம்பியூட்டரில யூசர், அட்மின், எச்பி எண்டுதான் கிடக்கும், ஒரே ஒபிசில நாலு பேர் ஒரே பெயரில வேலை செய்வினம். வேலையை விட்டுப் போன பிள்ளையின்ர பெயரே இன்னும் நிக்கிற இடங்களும் இருக்கு, அந்தப் பிள்ளை இப்ப கொழும்பில இருக்கும், பைல் இஞ்ச அவவின்ர பெயரில சேவ் ஆகிக்கொண்டிருக்கும்.

உள்திகதி அங்க வெறுமையாக் கிடந்தால் பயப்பிட வேண்டாம், கூகுள் ஷீட்ஸ் மாதிரி வேற இடத்தில இருந்து இறக்கின பைல் அப்பிடி வாறது உண்டு. இன்னும் உறுதியாப் பாக்கவேணும் எண்டால் கொப்பி பண்ணின பைலின்ர பெயருக்குக் கடைசியில இருக்கிற எக்ஸ்எல்எஸ்எக்ஸை (.xlsx) சிப் (.zip) எண்டு மாத்திப்போட்டுத் திறவுங்கோ, உள்ளுக்க டொக்புரொப்ஸ் எண்டு ஒரு போல்டர், அதுக்குள்ள கோர் எண்டு ஒரு சின்னப் பைல், நோட்பாட்டில திறந்தால் கடைசியா சேவ் பண்ணின நேரம் எழுத்தில கிடக்கும். அந்த நேரம் உலகப் பொதுநேரம், எங்கட நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டவேணும். அங்க 04:10 எண்டு நிண்டால் இஞ்ச காலமை 9.40. இதைக் கூட்டாமல் "விடியப்புறம் நாலு மணிக்கு ஆர் ஒபிசுக்குள்ள வந்தது" எண்டு காவலாளியைக் கூப்பிட்டு விசாரிச்ச இடமும் இருக்கு, பாவம் அந்த மனிசன்.

## அறிகுறி 1: சும்மா திறந்து பாத்து மூடினது மட்டும்தான், ஆனா திகதி இண்டைக்கு

இதுதான் அதிகம் வாறது. பைலில ஒண்டும் அடிக்கேல்லை, தொகையைப் பாத்திட்டு மூடேக்க "சேவ் பண்ணவோ" எண்டு கேட்டுது, பயத்தில சேவ் எண்டதை அமத்தியாச்சு. அவ்வளவுதான் நடந்தது. ஒண்டும் மாத்தாத பைல் ஏன் அப்பிடிக் கேக்குது எண்டு கீழ இருக்கிற வரிசையில பாருங்கோ, செலவில்லாததில இருந்து தொடங்குறன்.

டுடே, நவ் மாதிரி ஃபோர்முலா இருக்கோ? கடன் தவணை எத்தினை நாள் பிந்தினது எண்டு பாக்கிற ஷீட்டில டுடே கட்டாயம் இருக்கும். டுடே, நவ், ராண்ட், ராண்ட்பிட்வீன், ஒஃப்செட், இன்டிரெக்ட் இதுகள் பைலைத் திறந்த உடன திருப்பிக் கணக்குப் பாக்கும், எக்செல்லுக்கு அது மாற்றம், அதால கேக்கும். கன்ட்ரோலும் எஃப்பும் அமத்தி டுடே எண்டு தேடுங்கோ, தேடேக்க ஒப்ஷன்ஸில ஃபோர்முலாஸ் எண்டும் வேர்க்புக் முழுக்க எண்டும் தெரிவு செய்யுங்கோ, இல்லாட்டி அந்த ஒரு ஷீட்டோட நிண்டிடும். இருந்தால் பழைய மாதக் கணக்கில அது தேவையே இல்லை: மாதம் முடிஞ்ச கையோட அந்தக் கட்டங்களைக் கொப்பி பண்ணி பேஸ்ட் வல்யூஸ் குடுத்திட்டால் இலக்கம் நிக்கும், ஃபோர்முலா போயிடும். இதைச் செய்யாட்டி திகதியை விடப் பெரிய பிரச்சினை ஒண்டு இருக்கு, பங்குனி முடிவில 12 நாள் பிந்தின கடன் ஆனி முடிவில திறக்கேக்க 100 நாள் தாண்டிக் காட்டும், அதை பிரின்ட் எடுத்துக் கணக்காய்வாளரிட்டைக் குடுத்தால் விளங்கப்படுத்தி முடியாது.

வேற வெர்சனில செய்ததோ? பழைய எக்செல்லில கடைசியாக் கணக்குப் பாத்த பைலைப் புது எக்செல்லில திறந்தால் அது முழுக்கத் திருப்பிக் கணக்குப் பாத்து, மூடேக்க கேக்கும். ஒபிசில 2010, வீட்டில 2019 எண்டு ரெண்டு இடத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு இது ஒவ்வொரு நாளும் வரும். டோன்ட் சேவ் எண்டு குடுங்கோ, கணக்குக்கு ஒண்டும் ஆகாது.

பிரின்ட் எடுத்தனீங்களோ, ஃபில்டர் போட்டனீங்களோ? பேப்பர் அளவை மாத்தினது, ஃபில்டரில ஒரு ஆளின்ர பெயரை மட்டும் எடுத்துப் பாத்தது, கொலம் அகலத்தை இழுத்தது எல்லாம் எக்செல்லுக்கு மாற்றம்தான். டீட்டெய்ல்ஸில லாஸ்ட் பிரின்டட் நேரமும் சேவ்ட் நேரமும் பக்கத்தில பக்கத்தில நிண்டால் அநேகமா இதுதான்.

வேற பைலோட லிங்க் இருக்கோ? திறக்கேக்க மேல மஞ்சள் பட்டியில லிங்க் அப்டேட் பண்ணவோ எண்டு கேட்டால் இருக்கு. அப்டேட் குடுத்தால் மற்றப் பைலில இருந்து இலக்கங்கள் புதுசா இறங்கும், அங்க ஆரும் மாத்தியிருந்தால் இஞ்சையும் தொகை உண்மையாவே மாறும். டேட்டா பக்கத்தில எடிட் லிங்க்ஸ் (புது எக்செல்லில வேர்க்புக் லிங்க்ஸ்) எடுத்து எந்தப் பைல் எண்டு பாருங்கோ. முடிஞ்ச மாதத்துக்கு பிரேக் லிங்க் குடுத்து அறுத்து விடுறதுதான் நல்லது, கொப்பி ஒண்டு வைச்சிட்டுச் செய்யுங்கோ, அறுத்தால் திருப்பி ஒட்டேலாது.

ஓட்டோசேவ் போட்டிருக்கோ? பைல் ஒன்டிரைவில (மைக்ரோசொஃப்டின்ர இன்டர்நெட் சேமிப்பிடம்) இருந்தால் புது எக்செல்லில இடப்பக்க மேல் மூலையில ஓட்டோசேவ் சுவிட்ச் நிக்கும். அது ஒன் எண்டால் கேள்வியே கேக்காது, தானா சேவ் பண்ணும். திறந்தவர் "நான் சேவ் பண்ணவே இல்லை" எண்டு சத்தியம் பண்ணுவார், அவர் சொல்லுறது உண்மைதான். பாக்கிறதுக்கு மட்டும் எண்டால் திறந்த உடன ஓஃப் பண்ணுங்கோ. போனில கூகுள் ஷீட்ஸில எக்செல் பைலைத் திறந்தாலும் இதே கதை: பஸ்ஸில வரேக்க விரல் பட்டு ஒரு கட்டத்தில ஒரு எழுத்து விழுந்தாலும் உடன சேவ் ஆகும். பால் சங்கம் ஒண்டில லீற்றர் கட்டத்தில ஒரு புள்ளி விழுந்து, அந்த இலக்கம் எழுத்தா மாறி, மொத்தத்தில சேராமல் நிண்டது, திகதி மாறினபடியால்தான் அதைக் கண்டுபிடிச்சது.

பெயருக்குக் கடைசியில எக்ஸ்எல்எஸ் (.xls) எண்டு மட்டும் இருக்கிற பழைய பைலோ? இதை வடிவாப் பாருங்கோ, எங்கட பக்கத்துக்கு இது முக்கியம். 2007க்கு முந்தின அந்தப் பழைய வகைப் பைலைத் திறந்து வைச்சிருக்கேக்கயே எக்செல் திறந்த ஆளின்ர பெயரைப் பைலுக்குள்ள எழுதும், சேவ் பண்ணாமல் ஒழுங்கா மூடினால் பழைய திகதியைத் திருப்பி வைச்சிட்டுப் போகும். ஆனா இடையில கரண்ட் போனால் அது நடக்காது, புதுத் திகதி அப்பிடியே நிக்கும். யூபிஎஸின்ர பற்றி (பற்றரி) செத்துப்போன ஒபிசில, மாரி காலத்தில இடி மின்னலோட லைன் போய்ப் போய் வரேக்க, பாருங்கோ எத்தினை தரம் இது நடக்கும். உள்திகதி பழசாவும் வெளித்திகதி கரண்ட் போன நாளாவும் இருந்தால் காரணம் இதுதான். சேவ் ஏஸ் குடுத்து எக்ஸ்எல்எஸ்எக்ஸா மாத்தி வைச்சிட்டால் இது முடியும்.

மக்ரோ, அதாவது பைலுக்குள்ள எழுதி வைச்ச தானா ஓடுற கட்டளை, இருக்கோ? ஆரோ முந்திச் செய்து தந்த சம்பளப் பைல், பொத்தான் அமத்தினால் பட்டியல் வரும் எண்ட மாதிரி இருந்தால், மூடேக்க தானா சேவ் பண்ணச் சொல்லி உள்ளுக்க எழுதியிருக்கலாம். ஓல்ட்டும் எஃப்11உம் அமத்தி இடப்பக்கத்தில திஸ்வேர்க்புக் எண்டதை ரெண்டு தரம் தட்டுங்கோ, அதில சேவ் எண்டு ஒரு வரி நிண்டால் பிடிபட்டுது. அதை நீங்களே அழிக்க வெளிக்கிடாதேங்கோ, மக்ரோ தெரிஞ்ச ஆளிட்டைக் குடுங்கோ, அது ரெண்டு நிமிச வேலை அவருக்கு.

எந்தப் பைலைத் திறந்தாலும், புதுசா வெறும் ஷீட் ஒண்டைத் திறந்தால்கூட சேவ் கேக்குது எண்டால் எக்ஸ்எல்ஸ்டார்ட் எண்ட போல்டரைத் தேடிப் பாருங்கோ. வழக்கமா அது வெறுமையா இருக்கும். நீங்கள் போடாத பைல் அதுக்குள்ள கிடந்தால் மக்ரோ வைரஸாக இருக்கலாம், லரூ எண்டு 1996 இல வந்த பழைய வைரஸ் இப்பிடித்தான் பெர்சனல் எண்ட பெயரில போய் ஒளிக்கும். பழைய பென்டிரைவுகளில அது இன்னும் உயிரோட இருக்கலாம். இந்த இடத்தில நீங்கள் நிப்பாட்டி ஆளைக் கூப்பிடுங்கோ, அந்த கொம்பியூட்டரில போட்ட பென்டிரைவ் எல்லாத்தையும் சேத்துக் குடுங்கோ.

## அறிகுறி 2: பைல் ஒரு இடத்தில இருந்து வந்த பிறகு திகதி மாறியிருக்கு

வாட்சப்பில வந்ததை, ஈமெயிலில வந்ததை, கூகுள் டிரைவில இருந்து இறக்கினதைப் பாத்தால் பெரும்பாலும் இறக்கின நேரம்தான் மாற்றின திகதியாக் காட்டும். போனில இருந்து கேபிளால கொம்பியூட்டருக்கு எடுத்தாலும் அப்பிடி ஆகலாம். உள்திகதியைப் பாத்தால் போதும், அது பயணத்தில மாறாது.

பென்டிரைவில இருந்து கொப்பி பண்ணினது எண்டால் வேற மாதிரி: மாற்றின திகதி பழசு, உருவாக்கின திகதி புதுசு. "உருவாக்க முதலே எப்பிடி மாத்தினது" எண்டு கேப்பினம். உருவாக்கின திகதி எண்டது அந்தக் கொப்பி அந்த இடத்துக்கு வந்து சேந்த நேரம், அவ்வளவுதான். போல்டருக்குள்ள நீங்கள் பாக்கிற கொலம் டேட் மொடிஃபைட்டோ, டேட் கிரியேட்டட்டோ, இல்லாட்டி வெறும் டேட்டோ எண்டதையும் ஒருக்காப் பாருங்கோ, தலைப்பில வலது கிளிக் பண்ணினால் மாத்தலாம். கன சண்டை இந்தக் கொலத்தோட முடிஞ்சிருக்கு.

தலைவரிட்டை ஒரு கொப்பி, பொருளாளரிட்டை ஒரு கொப்பி, ரெண்டுக்கும் ரெண்டு திகதி, எது மாத்தினது எண்டு வாக்குவாதம் வந்தால் திகதியை விட்டிட்டு உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கோ. செவன்சிப் எண்ட இலவச மென்பொருள் போட்டிருந்தால் பைலில வலது கிளிக் பண்ண எஸ்எச்ஏ 256 எண்டு ஒண்டு வரும், அது பைல் முழுக்க வாசிச்சு ஒரு நீளமான குறியீட்டைத் தரும். பைலின்ர கைரேகை மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. ரெண்டு கொப்பிக்கும் அந்தக் குறியீடு ஒண்டெண்டால் ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒண்டு, திகதி என்ன காட்டினாலும் கதை முடிஞ்சுது. வேற வேற எண்டால் உடன களவு எண்டு சொல்லாதேங்கோ, சும்மா சேவ் பண்ணினாலும் குறியீடு மாறும். அப்ப ரெண்டு ஷீட்டையும் ஒரு புது வேர்க்புக்குக்குள்ள கொண்டுவந்து, மூண்டாவது ஷீட்டில முதல் கட்டமும் முதல் கட்டமும் சமமோ எண்டு ஒரு இஃப் ஃபோர்முலா போட்டு முழுக்க இழுத்து விடுங்கோ, எங்க வித்தியாசமோ அந்தக் கட்டம் தானா காட்டும். பத்து நிமிச வேலை, ரெண்டு பேருக்கும் முன்னால இருந்து செய்யுங்கோ.

திகதி கெடாமல் அனுப்பவேணும் எண்டால் பைலை சிப் பண்ணி அனுப்புங்கோ. விரிக்கேக்க உள்ளுக்க இருந்த மாற்றின திகதியே திருப்பி வரும்.

## அறிகுறி 3: நாள் சரி, நேரம் மட்டும் பிசகு

எவ்வளவு பிசகு எண்டு கணக்குப் பாருங்கோ, அந்த இலக்கமே காரணத்தைச் சொல்லும்.

*அரை மணித்தியாலம்:* பழைய விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டர். 1996 இல நாட்டு நேரத்தை முன்னுக்குத் தள்ளி, அந்த வருசமே ஆறு மணித்தியாலத்தில கொண்டுவந்து நிப்பாட்டி, 2006 சித்திரையிலதான் திருப்பி ஐந்தரைக்குக் கொண்டு வந்தது. பழைய நேரம் புதிய நேரம் எண்டு கதைச்சது பெரியாக்களுக்கு ஞாபகம் இருக்கும், வன்னிக்குள்ள அப்ப பழைய நேரம்தான் ஓடினது. எக்ஸ்பி வந்த காலத்தில இலங்கையை ஆறு மணித்தியாலம் எண்டுதான் எழுதியிருந்தது, அப்டேட் போடாத கொம்பியூட்டர் இன்னும் அப்பிடியே நிக்கும். நேர வலயத்தில சென்னை, கொல்கத்தா எண்டு இருக்கிறதைத் தெரிவு செய்தால் சரி, அதுவும் ஐந்தரைதான்.

*ஐந்தரை மணித்தியாலம்:* ஒரே கொம்பியூட்டரில விண்டோஸும் உபுண்டு எண்ட வேற இயங்குதளமும் இருக்கு. பள்ளிக்கூட லாப்களில பாக்கலாம். உபுண்டு உள் மணிக்கூட்டைப் பொதுநேரத்தில வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் எண்டு வாசிக்கும், காலமை பத்து மணிக்கு நாலரை எண்டு காட்டும். உபுண்டுவை உள்ளூர் நேரத்தில வைக்கச் சொல்லி ஒரு கட்டளை இருக்கு, லாப் பாக்கிற ஆசிரியரிட்டைச் சொல்லுங்கோ.

*பதின்மூண்டரை, சில மாதத்தில பன்னிரண்டரை:* புதுசா விண்டோஸ் போட்டவர் நேர வலயத்தை மாத்தாமல் அமெரிக்காவின்ர பசிபிக் நேரத்தில விட்டிட்டார். செட்டிங்ஸில டைம் அன்ட் லாங்குவேஜ் போய் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர எண்டதைத் தெரிவு செய்யுங்கோ. வலயத்தைத் திருத்தினதோட ஹார்ட் டிஸ்கில இருக்கிற பைல்களின்ர நேரமும் தானா நகரும், ஏன் எண்டால் அதில பொதுநேரம்தான் பதிவாகியிருக்கு. பென்டிரைவில நகராது, அங்க உள்ளூர் நேரமே எழுதியிருக்கும். அதால வலயத்தைத் திருத்தின அண்டைக்கு ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்துப்போட்டு பயந்திடாதேங்கோ. ஒரு விசயம், வலயத்தை விட்டிட்டு மணிக்கூட்டை மட்டும் கையால திருத்தி வைச்சிருந்தால் இப்ப வலயத்தை மாத்தேக்க மணிக்கூடு பாயும், அதையும் சரி பண்ணுங்கோ.

*பத்தரை, ஒன்பதரை:* ரொறன்ரோவில இருக்கிற பழைய மாணவர் சங்கத்தோட பகிர்ந்த பைல். அங்க மாரியில பின்னேரம் 6 மணிக்கு சேவ் பண்ணினால் இஞ்ச அடுத்த நாள் காலமை 4.30. பிழை ஒண்டும் இல்லை.

ரெண்டு செக்கன் வித்தியாசம் எண்டு பக்கப் மென்பொருள் எல்லாப் பைலையும் திருப்பித் திருப்பிக் கொப்பி பண்ணுதெண்டால் அது பென்டிரைவின்ர ஃபட்32 அமைப்பு, ரெண்டு செக்கனுக்குக் குறைஞ்ச நேரம் அதுக்குப் பதியத் தெரியாது. மென்பொருளின்ர செட்டிங்ஸில ரெண்டு செக்கனை விட்டுக்குடுக்கச் சொல்லுங்கோ.

## அறிகுறி 4: வருசமே பின்னுக்குப் போயிட்டுது

இண்டைக்கு அடிச்ச பைல் 2009 எண்டோ 2012 எண்டோ காட்டுது, உள்திகதியும் அதேதான். எக்செல்லும் கொம்பியூட்டரின்ர மணிக்கூட்டைப் பாத்துத்தான் எழுதுது. இதோட வேற அடையாளங்களும் வரும்: காலமை போடேக்க கறுப்புத் திரையில எஃப்1 அமத்தச் சொல்லும், இன்டர்நெட்டில பேங்க் பக்கம், ஈமெயில் எல்லாம் பாதுகாப்பில்லை எண்டு மறிக்கும்.

முதல்ல திகதியைக் கையால சரியா வையுங்கோ, பிறகு இன்டர்நெட் டொங்கிளைப் போட்டு, திகதி செட்டிங்ஸில சிங்க் நவ் குடுங்கோ. இந்த ஒழுங்கிலதான் செய்யவேணும், பிசகு 15 மணித்தியாலத்துக்கு மேல எண்டால் விண்டோஸ் இன்டர்நெட் நேரத்தைத் தானா ஏற்காது. அடுத்த நாள் போட்டுப் பாருங்கோ. நிண்டால் சரி. திருப்பி விழுந்தால் உள்ளுக்க மதர்போர்டில இருக்கிற பற்றி (பற்றரி) முடிஞ்சுது.

அது சிஆர்2032 எண்ட வட்டப் பற்றி, 3 வோல்ட், மணிக்கூட்டுக் கடையிலயும் எடுக்கலாம். டெஸ்க்டொப் எண்டால் நீங்களே மாத்தலாம்: கரண்ட் வயரைக் கழட்டி வையுங்கோ, பெட்டியின்ர இரும்பில கையை ஒருக்கா வையுங்கோ, பக்க மூடியைத் திறந்தால் போர்டில வெள்ளிக் காசளவில தெரியும், பக்கத்தில இருக்கிற சின்னக் கிளிப்பை நகத்தால தள்ள அது எழும்பும். எழுத்து இருக்கிற கூட்டல் பக்கம் மேல வாற மாதிரி புதுசை வையுங்கோ. எங்கட செம்மண் புழுதி அந்தக் குழிக்குள்ள படிஞ்சிருக்கும், வைக்க முதல் காய்ஞ்ச தூரிகையால துடையுங்கோ, புதுப் பற்றி போட்டும் நேரம் நிக்காத சில இடங்களில அந்தப் புழுதிதான் காரணம். லப்டொப் எண்டால் கழட்ட வெளிக்கிடாதேங்கோ, கடையில குடுங்கோ. புதுப் பற்றியும் கொஞ்ச நாளில செத்தால் போர்டில கசிவு, அதுவும் கடை வேலை, செலவைக் கேட்டிட்டுச் செய்யுங்கோ, சில நேரம் பழைய கொம்பியூட்டரின்ர பெறுமதிக்கே வந்திடும்.

பிழையான திகதியில நிக்கிற பைல்களை என்ன செய்யிறது? திகதி மாத்துற மென்பொருள் இன்டர்நெட்டில கிடைக்குது, தயவு செய்து பாவிக்காதேங்கோ. நல்ல மனசோட செய்தாலும் கணக்காய்வில அது திருத்தினது மாதிரித்தான் தெரியும். எந்த நாளில இருந்து எந்த நாள் மட்டும் மணிக்கூடு பிழையா இருந்தது, பற்றி எப்ப மாத்தினது எண்டு பதிவுக் கொப்பியில எழுதி, பற்றி வாங்கின பில்லையும் ஒட்டி, செயலாளரிட்டைக் கையெழுத்து வாங்குங்கோ. அந்த நாட்களில டுடே போட்ட ஷீட் எதிலயாவது வட்டி கணக்குப் பாத்திருந்தால் அதையும் திருப்பிப் பாக்கவேணும்.

## அறிகுறி 5: போல்டரின்ர திகதி மாறுது, பைலின்ர திகதி மாறேல்லை

பயப்பிட ஒண்டும் இல்லை. பைலைத் திறந்த உடன எக்செல் அந்தப் போல்டருக்குள்ள ஒரு மறைவான சின்னப் பைலை உருவாக்கும், மூடேக்க அழிக்கும். அதாலயே போல்டரின்ர திகதி மாறும். பெரும்பாலும் ஆரோ திறந்து பாத்திருக்கினம், அவ்வளவுதான்.

## அறிகுறி 6: கனக்கப் பைல் ஒரே நிமிசத்தில மாறியிருக்கு

பைல்கள் வழமை போலத் திறக்குது, உள்திகதி பழசு எண்டால் ஆரோ முழுப் போல்டரையும் எங்கயோ இருந்து இறக்கியிருக்கினம் இல்லாட்டி பக்கப்பில இருந்து திருப்பிப் போட்டிருக்கினம். கேட்டுப் பாருங்கோ.

பைல் திறக்கேல்லை, பெயருக்குப் பின்னால தெரியாத எழுத்து ஒட்டியிருக்கு, போல்டருக்குள்ள காசு கேட்டு ஒரு குறிப்புக் கிடக்கு எண்டால் ஒண்டும் சோதிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. இன்டர்நெட் வயரைக் கழட்டுங்கோ, வைஃபையை நிப்பாட்டுங்கோ, பென்டிரைவையும் வெளி ஹார்ட் டிஸ்கையும் உடன இழுங்கோ, நல்ல பக்கப் இருக்கிற டிஸ்கை அதில குத்தவே குத்தாதேங்கோ. காசு கட்டாதேங்கோ, கட்டினாலும் பைல் வருமெண்டு உறுதி இல்லை. விண்டோஸைத் திருப்பிப் போட்டுத் தாறன் எண்டு ஆரும் சொன்னால் மறியுங்கோ, முதல்ல டிஸ்கை அப்பிடியே எடுத்து வைக்கவேணும். இலங்கை சேர்ட் எண்ட அரச அமைப்பு இப்பிடியான விசயங்களுக்குத்தான் இருக்கு, அவைக்கு அறிவியுங்கோ. ஒன்டிரைவிலயோ கூகுள் டிரைவிலயோ பைல் இருந்திருந்தால் வேற கொம்பியூட்டரில இருந்து வெர்சன் ஹிஸ்டரியில பழையதை எடுக்கச் சந்தர்ப்பம் இருக்கு.

## அறிகுறி 7: திகதியும் மாறியிருக்கு, தொகையும் மாறியிருக்கு

இப்பதான் உண்மையான விசயம். ஆனாலும் முதல்ல பாக்கவேண்டியது லிங்க் அப்டேட், டுடே, போனில விரல் பட்டது, இந்த மூண்டும்தான். அறிகுறி 1 இல இருக்கு. அதுகள் இல்லை எண்டு தெரிஞ்ச பிறகு, பைல் ஒன்டிரைவிலயோ கூகுள் டிரைவிலயோ இருந்தால் வெர்சன் ஹிஸ்டரி எடுத்துப் பாருங்கோ, கூகுள் ஷீட்ஸில எந்தக் கட்டத்தை எந்த ஜிமெயில் கணக்கில இருந்து எப்ப மாத்தினது எண்டு நிறத்தோட காட்டும். ஆனா ஒபிசில எல்லாரும் ஒரே ஜிமெயிலைப் பாவிச்சால் அதுவும் ஆள் ஆர் எண்டு சொல்லாது.

மாறின கட்டத்தைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோட ஒப்பிடுங்கோ. நான் பாத்த அளவில, கூடுதலா இது விடுபட்ட பற்றுச்சீட்டைப் பிறகு பதிஞ்சதாத்தான் இருக்கும், பதிஞ்ச பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டிருக்கும். அவவைக் கூட்டத்தில நிப்பாட்டிக் கேக்காதேங்கோ, தனிய கூப்பிட்டு "தங்கச்சி, இந்த வரி எப்ப போட்டது" எண்டு கேளுங்கோ.

பற்றுச்சீட்டும் இல்லை, பெரிய தொகை, ஒருத்தரும் பொறுப்பேக்கேல்லை எண்டால் உங்கட வேலையும் என்ர வேலையும் அதோட முடிஞ்சுது. கொம்பியூட்டரை ஷட் டவுன் பண்ணி, ஆரும் போடாமல் பூட்டி வைச்சு, கூட்டுறவுச் சங்கம் எண்டால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்துக்கு எழுதுங்கோ, மற்றவை நிர்வாகக் குழுவில எடுத்துக் கணக்காய்வாளரிட்டையோ பொலிசிலயோ குடுங்கோ. தெரிஞ்ச பொடியன் ஒண்டைக் கூப்பிட்டு "உள்ளுக்க என்ன நடந்தது எண்டு பார்" எண்டு விட்டால் அவன் திறக்கிற ஒவ்வொரு பைலும் ஒரு தடயத்தை அழிக்கும்.

## இனி வராமல் இருக்க

மாதம் முடிஞ்ச அண்டைக்கு பேஸ்ட் வல்யூஸ், பிறகு பிடிஎஃப் ஒண்டு, பிரின்ட் ஒண்டில ரெண்டு கையெழுத்து. எக்செல் பைலை இன்ஃபோ பக்கத்தில ஓல்வேஸ் ஓப்பன் ரீட் ஒன்லி எண்டு வையுங்கோ, அப்ப சும்மா திறந்து பாக்கிற ஆள் தவறி சேவ் பண்ணாது. செவன்சிப் குறியீட்டின்ர முதல் எட்டு எழுத்தையும் கடைசி எட்டு எழுத்தையும் அந்தப் பிரின்டின்ர அடியில பேனையால எழுதி வையுங்கோ, அடுத்த வருசம் ஆரும் கேட்டால் எல்லாருக்கும் முன்னால திருப்பி எடுத்துக் காட்டலாம். எக்செல் ஒப்ஷன்ஸில யூசர் நேமை ஒவ்வொரு ஆளுக்கும் அவரவர் பெயரா மாத்துங்கோ, ஒரு கொம்பியூட்டரில ரெண்டு பேர் வேலை எண்டால் விண்டோஸிலயே ரெண்டு யூசர் கணக்குத் திறவுங்கோ.

ஆளைக் கூப்பிடுறதெண்டால் அந்த உள்திகதி, வெளித்திகதி எழுதின பேப்பர், போன் படம், கடைசியா கரண்ட் போன நாள், எந்த எக்செல் எண்ட விபரம், இவ்வளவையும் கையில வைச்சுக்கொண்டு கூப்பிடுங்கோ. மாங்குளத்தில இருந்து ஒரு ஆள் பெற்றோல் அடிச்சு வந்து போற செலவு பாதித் தரம் போனிலயே மிஞ்சும்.